சும்மா கத்துகிறது, கத்த வேண்டிய நேரத்தில் கத்தவில்லை: மாங்கூழ், புளி, ராகி யூனிட்டுகளில் மெட்டல் டிடெக்டர் பிழை நீக்கும் வழிமுறை

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளிலும், தர்மபுரி பக்கம் புளியும் ராகி மாவும் பேக் செய்யும் யூனிட்டுகளிலும் உணவில் கலந்த உலோகத் துண்டைக் கண்டுபிடிக்கும் மெட்டல் டிடெக்டர் இன்று புதிய பொருள் இல்லை. சரக்கு வாங்குகிறவர் கேட்கிறார், ஆடிட்டுக்கு வருகிறவரும் கேட்கிறார். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 54-வது பிரிவு, அந்நியப் பொருள் கலந்த உணவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் தருகிறது. அதனால் மெஷினை வாங்கி வைத்துவிடுகிறார்கள். தொல்லை அதற்கப்புறம்தான். சீசன் உச்சத்தில், லாரி லாரியாகப் பெங்களூரா ரக மாம்பழம் வந்து நிற்கும்போது, டிடெக்டர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை லைனை நிறுத்தினால் ஆபரேட்டர் என்ன செய்வார்? சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்வை, இரண்டு படி குறைப்பார். சத்தம் நின்றுவிடும், மெஷினும் வெறும் அலங்காரமாகிவிடும்.

சென்சிட்டிவிட்டியில் கை வைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை அறிகுறி வாரியாகக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் யூனிட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

போகும் முன் ஒரே ஒரு அடிப்படை. டிடெக்டரின் வாய்க்குள், அதாவது சரக்கு நுழைந்து போகும் திறப்புக்குள், மூன்று காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இருக்கின்றன. நடுவில் உள்ளது மின்காந்த அலையை அனுப்புகிறது. இரு பக்கமும் உள்ளவை அதைச் சமமாக வாங்குகின்றன. உலோகம் நுழைந்தால் அந்தச் சமநிலை குலைகிறது, அலாரம் அடிக்கிறது. உலோகம் தவிர வேறு எது அந்தச் சமநிலையைக் குலைத்தாலும் இதே அலாரம்தான். பாதிப் பிரச்சினைகளுக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது.

பெல்ட் காலியாக ஓடுகிறது, ஆனாலும் அலாரம்

முதலில் செல்போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, அலாரம் ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா என்று பாருங்கள். பெல்ட்டின் மொத்தச் சுற்று 4 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 12 விநாடி. அலாரமும் சரியாக 12 விநாடிக்கு ஒரு தடவை அடித்தால் கோளாறு பெல்ட்டிலேயே இருக்கிறது. ஸ்டேப்ளர் பின், வெல்டிங் பொறி, கோணி தைக்கிற ஊசியின் முனை என்று ஏதோ ஒன்று குத்தி உட்கார்ந்திருக்கும். அலாரம் அடித்த நொடியில் பெல்ட்டை நிறுத்தி, வாய்க்குள் இருக்கும் பகுதியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு தடவிப் பாருங்கள். பெல்ட் அறுந்தபோது யாராவது இரும்பு கிளிப் போட்டு இணைத்திருந்தால் தேடவே வேண்டாம், அதுதான்.

இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் சுற்றுப்புறத்தைச் சந்தேகியுங்கள். ஃபிரேமில் ஒரு போல்ட் தளர்ந்து, இரண்டு இரும்புத் துண்டுகள் அதிர்வில் தொட்டுத் தொட்டு விலகினால் போதும், மின்சாரம் சுற்றிவர ஒரு வளையம் உண்டாகி உடைகிறது; டிடெக்டர் அதை உலோகம் என்று படிக்கிறது. எல்லா போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள். வாய்க்கு அருகில் உலோகமே இருக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. அசையாத உலோகம் வாயின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கும், அசையும் உலோகம் இரண்டு மடங்கும் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மெஷினின் புத்தகம் சொல்வது இதைவிட முக்கியம். யாரோ உட்கார இழுத்துப் போட்ட இரும்பு ஸ்டூல்தான் இந்த இடத்தில் அடிக்கடி சிக்கும் குற்றவாளி.

அப்புறம் மின்சாரம். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவின் கேபிளும் டிடெக்டரின் கேபிளும் ஒரே குழாயில் போகிறதா? பக்கத்தில் வெல்டிங் நடக்கிறதா? கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது மட்டும் கத்துகிறதா? பக்கத்து மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எதை அணைத்ததும் அமைதியாகிறது என்று தெரிந்துவிடும். டிடெக்டருக்குத் தனி லைன், தனி எர்த், ஒரு ஸ்டெபிலைசர். நம் ஊர் வோல்டேஜுக்கு இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

சரக்கு போனால் மட்டும் அலாரம், தேடினால் உலோகம் இல்லை

ஈரமும் உப்பும் புளிப்பும் உள்ள உணவு தானே ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். டிடெக்டரின் கண்ணுக்கு அது ஒரு மங்கலான உலோகம். காய்ந்த ராகி மாவில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. மாங்கூழில் உண்டு. உப்புப் போட்டுப் பிசைந்து கட்டி வைத்த புளியில் ரொம்ப உண்டு.

ஒவ்வொரு சரக்கையும் மெஷினுக்குப் பழக்கி, அதன் சொந்த சிக்னலைக் கழித்துவிடச் சொல்லும் வசதி எல்லா நல்ல டிடெக்டரிலும் இருக்கிறது. கேள்வி என்னவென்றால், எந்தச் சரக்கைக் காட்டிப் பழக்கினீர்கள்? அல்போன்சாவைக் காட்டிப் பழக்கிவிட்டு அதே புரோகிராமில் பெங்களூராவை ஓட்டினால் தடுமாறும். புளிப்பு வேறு, சர்க்கரை அளவு வேறு. காலை ஷிப்டில் ஆறிய கூழில் பழக்கிவிட்டு மதியம் சூடான கூழை அனுப்பினாலும் அப்படித்தான், வெப்பநிலை மாறினால் கடத்தும் திறனும் மாறும்.

புளி யூனிட்டுகளில் இன்னொரு கதை. தை முதல் பங்குனி வரை வாங்கின புளியைக் கோல்டு ஸ்டோரேஜில் வைத்து வருடம் முழுக்க எடுத்துப் பேக் செய்கிறோம். குளிர் அறையிலிருந்து எடுத்து ஒரு மணி நேரத்தில் லைனில் போட்டால், மேல்புறம் வியர்த்து உள்ளே குளிர்ந்திருக்கும். கட்டிக்குக் கட்டி சிக்னல் மாறும், அலாரம் ஓயாது. முந்தின நாளே எடுத்து வெளியே வைத்து, ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் ஓட்டுங்கள். செட்டிங்கில் எதையும் தொடாமலே பாதித் தொல்லை போய்விடும்.

அதன் பிறகும் கத்தினால் அலைவரிசையைப் பாருங்கள். ஈரச் சரக்குக்குக் குறைந்த அலைவரிசை, காய்ந்த சரக்குக்கு அதிக அலைவரிசை. ராகிக்கும் புளிக்கும் ஒரே மெஷினை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் யூனிட்டுகளில் இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். குழாய் வழியாகப் போகும் கூழாக இருந்தால் காற்றுக் குமிழையும் கவனியுங்கள். பம்ப் காற்றை இழுத்தால் குழாய் ஒரு நொடி காலியாகி மறு நொடி நிரம்பும், அந்த மாற்றமே அலாரமாகிவிடும். பம்பின் சீல், உறிஞ்சும் பக்கத்து கிளாம்ப், டேங்கில் கூழின் மட்டம் மூன்றையும் பாருங்கள்.

பேக்கிங்கும் ஒரு காரணம். அலுமினியம் ஃபாயில் உள்ள பவுச்சைச் சாதாரண டிடெக்டரில் அனுப்புவதில் பயனில்லை. ஈரத்தை அல்லது ஆக்சிஜனை உறிஞ்ச உள்ளே போடும் சாஷேயில் இரும்புத் தூள் இருந்தாலும் கத்தும். இரும்புச் சத்து சேர்த்த மாவும் தன் பங்குக்குச் சிக்னல் தரும். மாங்கூழில் இது இன்னும் கண்டிப்பானது. 3.1 கிலோ தகர டின்னில் அடைத்தபின் மெட்டல் டிடெக்டரால் எதையும் பார்க்க முடியாது. சுமார் 215 கிலோ பிடிக்கும் டிரம்மில், அசெப்டிக் (கிருமி நீக்கிய) பையில் போனபின்னும் அதே நிலைதான். கடைசியாகப் பார்க்கும் இடம், கூழை நிரப்பும் ஃபில்லருக்கு முந்தின குழாய். அதைத் தாண்டினால் அந்தத் துண்டு கப்பல் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் பீஸ் போட்டால் கண்டுகொள்வதில்லை

டெஸ்ட் பீஸ் என்பது மெஷினைச் சோதிக்க நாமே அனுப்பும், அளவு தெரிந்த உலோக உருண்டை. அதையே கண்டுகொள்ளவில்லை என்றால் இதுதான் உண்மையான அபாயம். சும்மா கத்துவதால் நேரம்தான் போகும், கத்தாமல் இருந்தால் பேர் போகும்.

உடனே செய்ய வேண்டியது: லைனை நிறுத்துங்கள். கடைசியாகச் சோதனை சரியாக வந்த நேரத்திலிருந்து இதுவரை போன சரக்கு முழுவதையும் தனியே எடுத்து வையுங்கள். மெஷின் சரியானதும் அத்தனையும் திரும்ப அதன் வழியே போக வேண்டும். மணிக்கு ஒரு தடவை சோதிக்கச் சொல்வதன் காரணம் இதுதான். ஷிப்டுக்கு ஒரு தடவைதான் சோதிப்பீர்கள் என்றால் எட்டு மணி நேரச் சரக்கைப் பிரிக்க வேண்டியிருக்கும். கூழ் லைனாக இருந்தால் அத்தனை டிரம்மையும் திறந்து மறுபடி காய்ச்ச வேண்டும், அதன் செலவை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது காரணம் தேடலாம். எந்த டெஸ்ட் பீஸ் தவறியது? இரும்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என மூன்று வகை வைத்திருப்பீர்கள். ஸ்டெயின்லெஸ் மட்டும் தவறினால் ஆச்சரியமில்லை. காந்தம் ஒட்டாத, மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாத அதுதான் மூன்றிலும் கடினமானது. ஈரச் சரக்கில் இரும்பு உருண்டையைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால்தான் சிக்கும். சரக்கின் சிக்னலை மிகையாகக் கழித்திருந்தால் அதோடு சேர்ந்து ஸ்டெயின்லெஸும் கழிந்துபோகும். மூன்றுமே தவறினால் செட்டிங் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது மெஷினே பழுது.

சோதனை செய்யும் விதத்தையும் பாருங்கள். வாயின் சுவரோரம் உணர்வு அதிகம், நட்ட நடுவில் குறைவு. டெஸ்ட் பீஸை பெல்ட்டின் ஓரத்தில் வைத்து அனுப்பி டிக் போடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. பாக்கெட்டோடு சேர்த்து, நடுவில், முன்பக்கம் ஒரு தடவையும் பின்பக்கம் ஒரு தடவையும் வைத்து அனுப்புங்கள். உருண்டை பதித்த டெஸ்ட் கார்டை மட்டும் தனியாக அனுப்பினால் சரக்கின் சிக்னல் அதில் இருக்காது, அந்தச் சோதனை பாதிதான்.

உருண்டை சிக்கிவிட்டது என்பதற்காகக் கம்பியும் சிக்கும் என்று நம்ப வேண்டாம். இரும்புக் கம்பி பெல்ட் போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடந்தால் எளிதில் தெரியும், குறுக்கே கிடந்தால் நழுவும். ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு இது அப்படியே தலைகீழ். பழத்தைக் கூழாக்கும் பல்பரின் சல்லடை அறுந்தால் வருவது கம்பித் துண்டுதான் என்பதால் மாங்கூழ்க்காரர்களுக்கு இந்த விஷயம் ரொம்ப முக்கியம்.

வாயின் அளவு ஒரு கேள்வி. 200 கிராம் புளிப் பாக்கெட்டை, 25 கிலோ மூட்டைக்கான பெரிய வாயில் அனுப்பினால் உணர்வு குறையத்தான் செய்யும். செட்டிங்கால் இதைச் சரிசெய்ய முடியாது, சின்ன வாயுள்ள மெஷின்தான் வேண்டும். பழைய மெஷின் சல்லிசாக வருகிறதென்று அளவு பார்க்காமல் வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

அலாரம் சரி, ஆனால் தவறான பாக்கெட் தள்ளப்படுகிறது

பெல்ட் மெஷினில் காரணம் சின்னது. போட்டோ சென்சாரில் மாவு படிந்திருக்கும், பெல்ட் வழுக்கும், கம்ப்ரசரில் காற்றழுத்தம் குறைந்திருக்கும், அல்லது காற்றுக் குழாயில் தண்ணீர் சேர்ந்து பிஸ்டன் மெதுவாக நகரும். பாக்கெட்டுகள் ஒட்டி ஒட்டிப் போனாலும் குறி தவறும். தள்ளிய பாக்கெட் விழும் பெட்டிக்குப் பூட்டு இருக்கட்டும், சாவி ஒருவரிடம் இருக்கட்டும். திறந்த பெட்டியென்றால் தள்ளின பாக்கெட் மறுபடி லைனுக்கே வந்துவிடும்.

குழாய் மெஷினில் கணக்குப் போட வேண்டும். உள் விட்டம் 50 மில்லிமீட்டர் குழாயில் மணிக்கு 3,000 லிட்டர் கூழ் போனால் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 42 சென்டிமீட்டர். டிடெக்டரிலிருந்து திருப்பிவிடும் வால்வு 1 மீட்டர் தள்ளி இருந்தால், துண்டு அங்கே வர 2.4 விநாடி ஆகும். வால்வைத் திறக்கும் டைமரை 2 விநாடிக்கு வைத்திருக்கிறீர்கள், சரி. இப்போது சரக்கு குவிந்துவிட்டதென்று பம்ப் வேகத்தைக் கூட்டி மணிக்கு 4,500 லிட்டர் ஆக்கினால் 1.6 விநாடியிலேயே துண்டு வால்வைத் தாண்டிவிடும். அலாரம் அடிக்கும், வால்வும் திறக்கும், சுத்தமான கூழ் வெளியே கொட்டும், உலோகம் டிரம்முக்குள் போய்ச் சேரும். எல்லாம் சரியாக நடந்தது போலவே தெரியும் என்பதுதான் இதில் மோசம். பம்ப் வேகத்தை மாற்றினால் டைமரையும் மாற்றியாக வேண்டும். வால்வு முன்கூட்டியே திறந்து, தாராளமாகத் தாமதித்து மூடட்டும். நாலைந்து லிட்டர் கூழ் கூடுதலாகப் போனால் போகட்டும். டெஸ்ட் பீஸ் நிஜமாகவே வெளியே வந்து விழுகிறதா என்று வால்வின் வாயில் வலை பிடித்துப் பாருங்கள், விளக்கு எரிந்தால் மட்டும் போதாது.

தள்ளின சரக்கில் ஒன்றும் அகப்படவில்லை

அகப்படவில்லை என்றதும் தவறான அலாரம் என்று எழுதி மூடாதீர்கள். அதே பாக்கெட்டை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு பக்கமாகத் திருப்பி அனுப்புங்கள். மறுபடி கத்தினால் உள்ளே ஏதோ இருக்கிறது. பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்து, கத்தும் பாதியை மறுபடி பிரித்துக்கொண்டே போங்கள். புளியாக இருந்தால் வெந்நீரில் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள். மாவாக இருந்தால் வெள்ளைத் தாளில் பரப்பி, பாலித்தீன் உறையில் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டுங்கள். உறையைக் கழற்றினால் ஒட்டினது அப்படியே தாளில் விழும். கிடைத்ததைச் செலோடேப்பில் ஒட்டி, தேதி, நேரம், பேட்ச் எழுதி நோட்டில் வையுங்கள். இரண்டு மாதத்தில் அந்த நோட்டு உங்கள் மெஷின்களின் ஜாதகமே சொல்லும்.

காந்தத்தில் வழக்கத்தைவிட அதிகம் ஒட்டுகிறது

இரும்பைப் பிடிக்க லைனிலேயே பொருத்தியிருக்கும் காந்தத்தைச் சொல்கிறேன். அதில் ஒட்டினதன் உருவத்தைப் பாருங்கள். பழுப்பாக உதிர்ந்தால் துரு, எங்கோ ஒரு சாதாரண இரும்புத் தகடு நனைந்துகொண்டிருக்கிறது. கறுப்பு மாவுபோல் நைசாக இருந்தால் அரைக்கும் பிளேட் தேய்கிறது. ராகி மில்லில் சகஜம், ஆனால் திடீரென்று கூடினால் பிளேட் இடைவெளியைப் பாருங்கள். சுருள் சுருளாக இருந்தால் ஏதோ ஷாஃப்ட் உரசுகிறது, பேரிங் போயிருக்கலாம். கம்பித் துண்டு என்றால் உடனே லைனை நிறுத்தி சல்லடையைக் கழற்றுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாது என்பார்கள். வளைந்து, நசுங்கி, இழுபட்டு அறுந்த துண்டு லேசாகக் காந்தத் தன்மை பெறும். பலமான காந்தம் அதைப் பிடிக்கும்.

மாறாக, வழக்கமாக ஒட்டுவதுகூட ஒட்டவில்லை என்றால் காந்தம் பலம் இழந்திருக்கலாம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூட்டில் பலம் குறையும். கூழ் 90 டிகிரிக்கு மேல் காய்கிற இடத்துக்கு அப்புறம் அதைப் பொருத்தியிருந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது அந்தச் சூட்டைத் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

டிடெக்டர் அமைதி, வாடிக்கையாளரிடமிருந்து புகார்

பெரும்பாலும் அது உலோகமாக இருக்காது. மெட்டல் டிடெக்டருக்குக் கல் தெரியாது, கண்ணாடி தெரியாது, முடி, நூல், பிளாஸ்டிக், ரப்பர் எதுவும் தெரியாது. ரோட்டோரம் காயவைத்த புளியில் கல் வரும். கோணிப்பையின் சணல் வரும். உடைந்த பிளாஸ்டிக் கிரேட்டின் சில்லு மாங்காயோடு வரும். ராகியில் கல் வந்தால், கல்லைப் பிரிக்கும் டீஸ்டோனரின் சாய்வும் காற்றும் சரியில்லை, அல்லது அளவுக்கு மேல் கொட்டி ஓட்டுகிறார்கள். கல் மெஷினில் அரைத்தால், மெஷின் கல்லே உதிர்ந்து நறநறக்கும். கொத்தி முடித்த கல்லில் முதலில் கொஞ்சம் தவிட்டை ஓட்டிக் கழித்துவிட வேண்டும்.

எக்ஸ்ரே மெஷின் வாங்கலாமா என்று கேட்பார்கள். அது அடர்த்தியைப் பார்க்கும். கல், கண்ணாடி, உலோகம், சில கனமான பிளாஸ்டிக்குகள் தெரியும். ஃபாயில் பவுச்சும் அதற்குத் தடையில்லை. ஆனால் முடி, நூல், பூச்சி, பாலித்தீன், மெல்லிய மரச்சில்லு அதற்கும் தெரியாது. கதிர்வீச்சுக் கருவி என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் வரும். சின்ன யூனிட்டுக்கு அந்தப் பணத்தில் நல்ல டீஸ்டோனர், நல்ல வெளிச்சமுள்ள பொறுக்கும் மேசை, இரண்டு செட் உபரிச் சல்லடை வாங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

எந்த மெஷினாலும் பிடிக்க முடியாததை உள்ளே வராமல்தான் தடுக்க முடியும். மாங்காய் அறுக்கும் மேசையிலும் புளி பொறுக்கும் இடத்திலும் பெரும்பாலும் பெண்கள். கண்ணாடி வளையல், சேலையில் குத்திய ஊக்கு, ஹேர்பின், தலையில் வைத்த பூ, ஸ்டிக்கர் பொட்டு. வியர்வையில் பொட்டு கழன்று கூழில் விழுந்தால் அதைக் காட்டிக்கொடுக்க உலகத்தில் மெஷின் இல்லை. வாசலிலேயே ஒரு கண்ணாடியும் ஒரு டப்பாவும் வைத்து, பொட்டைக் கழற்றி ஒட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். நெற்றியில் குங்குமம் பரவாயில்லை. தாலியைக் கழற்றச் சொல்லிச் சண்டை வளர்க்க வேண்டாம், கழுத்து மூடிய மேலங்கி கொடுத்தால் போதும். மூக்குத்திக்கு மாஸ்க். இதையெல்லாம் சூப்பர்வைசர் ஆண் சோதிப்பதைவிட அவர்களிலேயே மூத்த ஒரு அக்காவிடம் பொறுப்பைக் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும். கையுறையும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியும் நீல நிறத்தில் இருக்கட்டும், மாங்கூழிலும் புளியிலும் நீலம் பளிச்சென்று தெரியும். உள்ளே உலோகத் தகடு வைத்த பிளாஸ்திரியே கிடைக்கிறது. அது டிடெக்டரிலும் சிக்கும். பம்ப், வால்வின் ரப்பர் கேஸ்கெட்டிலும் அதே மாதிரி ரகம் உண்டு.

கூழில் கறுப்புப் புள்ளி என்று புகார் வந்தால் பாதை வேறு. கூழைக் கடைசியாகச் சலிக்கும் ஃபினிஷரின் சல்லடை கிழிந்து தோல் துணுக்கு வருகிறதா, அல்லது சூடாக்கும் குழாயின் சுவரில் கூழ் அடிப்பிடித்துக் கருகி உதிர்கிறதா என்று பிரிக்க வேண்டும். புள்ளியைக் கண்ணாடித் தகட்டில் நசுக்குங்கள். நார்போல் இழுபட்டால் தோல், கரியாகப் பொடிந்தால் அடிப்பிடித்தது. முதலாவதற்குச் சல்லடை மாற்ற வேண்டும், இரண்டாவதற்குக் காஸ்டிக் சோடாக் கழுவலைச் சீக்கிரப்படுத்த வேண்டும்.

புளி விழுதில் கண்ணாடித் துண்டு என்று புகார் வந்தால் உடனே பயந்து ரீகால் போட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அந்தத் துண்டையே அனுப்பச் சொல்லுங்கள். புளியில் இயல்பாகவே பொட்டாசியம் பைடார்ட்ரேட் இருக்கிறது. கெட்டியான விழுது ஃப்ரிட்ஜில் கிடந்தால் அது படிகமாக உறையலாம், பார்க்கக் கண்ணாடிச் சில்லுபோலவே இருக்கும். கொதிக்கிற வெந்நீரில் போட்டுக் கலக்குங்கள். கரைந்துவிட்டால் படிகம், கரையும்போது ஒரு வீடியோ எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம். கரையவில்லை என்றால் கண்ணாடிதான். அந்த பேட்ச்சை நிறுத்துங்கள், கடைகளில் இருப்பதைத் திரும்பப் பெறுங்கள், லைனுக்கு மேலே உள்ள ஒவ்வொரு டியூப் லைட்டையும் எண்ணிப் பாருங்கள்.